கூடைக்கு வராத காளான்

அத்தியாயம் 3

"சொல்ல மாட்டேன்."

காலையிலிருந்து அந்த மனிதர் பேசிய ஒரே வசனம் இதுதான். எதைக் கேட்டாலும் இதுதான். டீ வேண்டுமா என்று கேட்டதற்கு மட்டும் தலையாட்டினார். அதற்கும் சொல்ல மாட்டேன் என்று சொல்லித் தொலைப்பாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

காவல் நிலையத்தின் பின்னறை. ஒரு பெஞ்சு, ஒரு கால் குட்டையான மேஜை, எப்போதோ நின்றுபோன சுவர்க் கடிகாரம். பெஞ்சில் காளான்காரர். காட்டில் தானாக முளைக்கிற காளான்களைத் தேடிப் பறித்து உணவகங்களுக்குக் கொடுப்பது அவர் தொழில். எதிரே என் அண்ணி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்து, அது போதாதென்று சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். நான் அவர் கணவரின் தம்பி. கார் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, திட்டு வாங்குவது ஆகிய இலாகாக்கள் என்னுடையவை.

விஷயம் இதுதான். காளான்காரர் வீட்டு மாடியறையில் அவர் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, தங்கியிருந்தான். வேலை போன பையன். முந்தாநாள் இரவு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து காளான் வறுவல் சாப்பிட்டார்கள். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மச்சினன் வாந்தியெடுக்க ஆரம்பித்தான். இப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான், ஈரல் கெட்டுக்கொண்டிருக்கிறது. மற்ற இரண்டு பேருக்கும் ஒரு ஏப்பம்கூட இல்லை.

இதில் காளான்காரரின் வாய் வேறு. போன வாரம் தெருவே கேட்க மச்சினனைப் பார்த்து, "இன்னொரு தடவ அந்த இடத்தைக் கேட்டே, உன்னை ஒழிச்சுக் கட்டிடுவேன்" என்று கத்தியிருக்கிறார். அவன் கேட்டது காளான் முளைக்கும் இடத்தை. இன்ஸ்பெக்டருக்கு இது போதாதா? மச்சினன் தட்டில் மட்டும் விஷக் காளான் விழுந்திருக்கிறது, போட்டவர் இவர்தான், சாயங்காலம் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் அம்மாவின் கவலை வேறு. "அவர் என்ன காளான் சாப்பிட்டார்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இருட்டுல கை விட்டுத் தேடற மாதிரி மருந்து குடுத்திட்டிருக்கேன். ஒரு துண்டு கிடைச்சாலும் கொண்டு வாங்க" என்று எங்களிடம் போனில் சொல்லியிருந்தார்.

எங்களை அமர்த்தியது காளான்காரரின் மனைவி. "என் தம்பி அங்க, என் வீட்டுக்காரர் இங்க. ரெண்டு பேரும் எனக்கு வேணும் மேடம்" என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தம்மாவுக்காகத்தான் நாங்கள் இந்தக் கல்லுளிமங்கனிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

"நீங்க பறிச்ச இடத்தைக் காட்டுங்க" என்றார் அண்ணி. "அங்க விஷக் காளான் இல்லன்னா உங்களுக்கு நல்லது. இருந்தா டாக்டருக்கு நல்லது. உங்களுக்கு இதுல என்ன கஷ்டம்?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன் சார், அங்க தங்கமா முளைக்குது?" என்றேன்.

"தங்கமா இருந்தா சொல்லியிருப்பேன்." முதல் முறையாக வேறு வாக்கியம்! "இந்தத் தொழில்ல இருக்கிறவன் எவனும் இடத்தைச் சொல்ல மாட்டான் தம்பி. என்னைப் பெத்த அப்பாவே எனக்குச் சொல்லல. எங்கயாவது தேடிக்கடான்னு விட்டுட்டார்."

"ஜெயிலுக்குப் போனாலுமா?"

"போனாலும்."

அண்ணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அதைத்தான் செய்வார். அன்று காலையில் அந்தக் கண்ணாடி தேய்ந்து போகாதது ஆச்சரியம்.

"மச்சினன் பிழைக்கணுமா, வேண்டாமா? அதையாவது சொல்லுங்க."

அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஓடாத கடிகாரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "பிழைக்கணும்" என்றார் மெதுவாக. "என் கூடையில விஷம் வராதும்மா. சத்தியமா வராது. அதுக்கு மேல என்னை ஒண்ணும் கேக்காதீங்க."

* * *

"இந்த ஆளைக் காப்பாத்தறதுக்கு பதிலா நானே உள்ள தள்ளிடுவேன் போலிருக்கு" என்று கார் கதவை அறைந்து சாத்தினார் அண்ணி.

"கதவு என்ன பாவம் பண்ணுச்சு அண்ணி? அதுவாவது கேட்டா திறக்குது."

"வாயை மூடிட்டு ஓட்டு."

அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுவார்.

காளான்காரர் வீடு, மாடியில் ஒற்றை அறையோடு கூடிய சின்ன வீடு. வறுத்த சட்டி, சாப்பிட்ட தட்டு எல்லாவற்றையும் அன்றைக்கே கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். குப்பையையும் வண்டி வந்து அள்ளிப் போயிருந்தது. இவ்வளவு சுத்தமான குடும்பம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளவென்றே பிறந்திருக்க வேண்டும். மிஞ்சியது சமையலறை ஜன்னலடியில் இருந்த பிரம்புக் கூடை. அதில் பழுப்புக் குடையோடு கொஞ்சம் காளான்கள், அடியில் ஒரு செய்தித்தாள்.

"மிச்சக் காளான் எல்லாம் நல்லதுதான்னு போலீஸே பாத்துட்டுப் போயிட்டாங்க" என்றார் மனைவி.

"இவர் எப்படிப் பறிப்பார்? கத்தியால அறுத்தா?"

"ஐயோ, கத்தியைத் தொடவே மாட்டார் மேடம். விரலை மண்ணுக்குள்ள விட்டு, வேரோட நெம்பற மாதிரி முழுசா எடுப்பார். அடியைப் பாக்காம கூடையில போட மாட்டார். எடுத்த குழியையும் இலை போட்டு மூடிடுவார்."

அண்ணி செய்தித்தாளை உருவினார். அதில் காப்பிப்பொடி தூவியதுபோல் ஒரு படலம். "இது என்ன?"

"காளான் குடைக்கு அடியில இருந்து இப்படிப் பொடி உதிரும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம். இவர் பறிக்கிறதுக்குப் பழுப்பு. வெள்ளையா உதிர்றதுலயும் நல்லது உண்டாம். ஆனா அந்த வம்பே வேண்டாம்னு தொட மாட்டார்."

அண்ணி கூடையைத் தலைகீழாகத் தட்டினார். பின்னலுக்குள் டார்ச் அடித்தார். பழுப்பு, பழுப்பு, எல்லாம் பழுப்பு.

"கூடையில வேற எதுவும் வரல" என்றார். "அந்த மனுஷன் அதுல உண்மைதான் பேசறார். ஆனா அது நமக்குப் பத்தாது. பையன் எதைத் தின்னான்?"

மாடியறைக்குப் போனோம். கலைந்த படுக்கை, மின்சார அடுப்பு, அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வாணலி, மூலையில் பெரிய கறுப்புப் பெட்டி. "பவுடரைக் கொட்டி வச்சிருக்கான் பாருங்க, எப்பவும் இப்படித்தான்" என்று அந்தம்மா முந்தானையால் பெட்டி மூடியைத் துடைக்கப் போனார்.

"தொடாதீங்க!"

அண்ணி போட்ட சத்தத்தில் நான் கட்டில் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கறுப்பு மூடியில் வெள்ளையாக ஒரு வட்டம். வட்டத்துக்குள் நடுவிலிருந்து விளிம்புவரை சன்னமாகக் கோடுகள், சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி போட்டதுபோல. பக்கத்திலேயே அதேபோல இன்னும் சில.

"பவுடர் இவ்வளவு ஒழுங்கா கொட்டாது" என்றார் அண்ணி. "ஒரு ராத்திரி பூரா இந்தப் பெட்டி மேல காளானை வரிசையா வச்சிருக்கான். வெள்ளைப் பொடி உதிர்ற காளான். இது வீட்டுக்காரர் காளானே இல்ல. உங்க தம்பி தனியா பறிச்சிருக்கான்."

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். சமையலறைக் கத்தி ஒன்று இருந்தது.

"இதைத்தான் நாலு நாளா தேடிட்டிருக்கேன்!" என்றார் அவர்.

"அப்ப வாணலி?" என்றேன்.

"விக்கறதுக்கு முன்னாடி ருசி பாத்திருக்கான்" என்றார் அண்ணி. "எங்க பறிச்சான்? அதைச் சொல்லு, உனக்குக் கோயில் கட்டறேன்."

பதில் கட்டிலுக்கு அடியில் இருந்தது. மச்சினனின் ஷூக்கள். அடிப்பள்ளங்களில் சிவப்பாகப் பொடி, அதில் ஊசி ஊசியாகக் காய்ந்த இலை. அந்தம்மா ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"செங்கல் பொடி. பழைய சூளைக்குப் பின்னால ஊசியிலை மரமா நிக்குமே, அங்கதான் இப்படி ஒட்டும். என் வீட்டுக்காரர் துணியில வர்றது கறுப்பு மண்ணு. அதுவும் முட்டியில மட்டும்தான், மண்டி போட்டுத்தானே பறிப்பார்."

கை கழுவக் குளியலறைக்குப் போனேன். ஊற வைத்த துணி வாளியில் இடித்துக்கொண்டு, பாதித் தண்ணீரை என் கால்மேலேயே கவிழ்த்துக்கொண்டேன். சிவந்த தண்ணீர்.

"அண்ணி, இவங்க வீட்டுத் துணிகூட சாயம் விடுது. வீட்டுக்காரர்தான் விட்டுக்குடுக்க மாட்டேங்கறார்."

"அவர் பேண்ட்தான் தம்பி. அன்னைக்கு ஊற வச்சேன், அப்படியே போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன்" என்று வெளியிலிருந்து அந்தம்மா குரல் கொடுத்தார். "நீங்க போங்க, நான் அலசிப் போட்டுட்டு ஸ்டேஷனுக்கு வரேன்."

அண்ணி வந்து வாளியை எட்டிப் பார்த்தார். நான் அடித்த ஜோக்குக்குச் சிரிக்கவில்லை. சரி, எத்தனை ஜோக்குக்குத்தான் சிரித்திருக்கிறார்?

* * *

காட்டில் காளான் தேடுவது பற்றி யாராவது உங்களிடம் அழகாகப் பேசினால் நம்பாதீர்கள். குனிந்தால் முதுகு போகும், நிமிர்ந்தால் காளான் போகும். சூளைக்குப் பின்னால் மரங்கள் நெருக்கியடித்து நின்றன. காய்ந்த இலை எல்லாம் காளானாகத் தெரிந்தது, காளான் எதுவும் கண்ணில் படவில்லை. ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தினேன். அது பழைய பிளாஸ்டிக் மூடி.

"கண்ணை வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று அண்ணி எரிந்து விழுந்தார்.

"நான் போட்டோ இலாகா அண்ணி. காட்டிலாகாவுக்கு வேற ஆள் பாருங்க."

நடந்தோம். திரும்பினோம். மறுபடி அதே மரத்தடிக்கு வந்து நின்றோம். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அங்கே இன்ஸ்பெக்டர் ஜீப்பைத் தயார் செய்துகொண்டிருப்பார், ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா போனையே பார்த்துக்கொண்டிருப்பார். அழுகை வருகிற அளவுக்கு எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் ஒரு வேரை எட்டி உதைத்தேன். வேர் அசையவில்லை, நான்தான் விழுந்தேன்.

விழுந்த இடத்தில், மூக்குக்கு நேரே, வெள்ளையாக ஒரு காளான் தண்டு. மேலே குடை இல்லை. மொட்டையாக, நேர்க்கோட்டில் அறுபட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்பால் இன்னும் சில. கொஞ்சம் தள்ளி, அறுபடாத இரண்டு காளான்கள் பால்போல வெள்ளையாக, சமர்த்தாக நின்றுகொண்டிருந்தன.

"அப்படியே கிட, அசையாதே" என்று அண்ணி ஓடி வந்து, பையிலிருந்து ஸ்பூனை எடுத்துத் தண்டைச் சுற்றித் தோண்டினார். மண்ணுக்கடியில் தண்டு ஒரு பைக்குள் நின்றிருந்தது. உடைந்த முட்டை ஓடு மாதிரி, மெல்லிசாக, வெள்ளையாக.

"பாத்தியா? மேல பாத்தா சாதாரண வெள்ளைக் காளான். கீழ இந்தப் பை இருந்தா விஷம். வேரோட எடுக்கறவன் இதைப் பாத்துட்டு அங்கயே போட்டுட்டு ஓடிடுவான். இவன் கத்தியால அறுத்தான். அடையாளம் மண்ணுக்குள்ளயே தங்கிடுச்சு."

நான் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்து அனுப்பினேன். டாக்டர் அம்மா உடனே கூப்பிட்டார்.

"இதேதான். அந்தக் காளானையே எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புங்க, நான் மருந்தை மாத்தறேன். ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. இது வயித்துக்குள்ள போய் அரை நாளாவது சும்மா இருந்துட்டுத்தான் வேலையைக் காட்டும். சாப்பிட்ட உடனே வாந்தின்னா, அது அந்தச் சாப்பாட்டால வந்த வாந்தி இல்ல. அவர் காலையிலயே இதைத் தின்னிருக்கணும்."

"ஆள் பிழைச்சிடுவாரா டாக்டர்?"

"நேத்தே தெரிஞ்சிருந்தா தைரியமா சொல்லியிருப்பேன்" என்று அவர் போனை வைத்தார்.

நான் துள்ளிக் குதித்தேன். காளான்காரர் தட்டில் எதையும் போடவில்லை, வழக்கு முடிந்தது, வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். அண்ணி மட்டும் அறுபடாத காளான்களின் முன்னால் குந்தியிருந்தார்.

"இங்க வா. இது என்ன?"

ஈர மண்ணில் உருண்டையாக இரண்டு பள்ளம். பின்னால் ஷூ மூக்கு அழுந்திய தடம்.

"யாரோ மண்டி போட்டிருக்காங்க" என்றேன்.

"மச்சினன் ஷூவோட அடி கட்டம் போட்டது. இது வழுவழு அடி. பழைய ரப்பர் பூட்ஸ். சரி, வேரோட எடுத்த குழி ஒண்ணு காட்டு. இலை போட்டு மூடினதா இருந்தாலும் சரி."

சுற்றுமுற்றும் தேடினேன். ஒரு குழிகூட இல்லை.

"மண்டி போட்டுப் பறிக்கிற மனுஷன், வெள்ளையைத் தொடாத மனுஷன், இந்த வெள்ளைக் காளான் முன்னாடி மண்டி போட்டிருக்கார். ஒண்ணும் பறிக்காம எழுந்து போயிருக்கார்" என்றார் அண்ணி. "எதுக்கு?"

அப்போதுதான் எனக்கு வாளித் தண்ணீர் ஞாபகம் வந்தது. சாயம் இல்லை அது. செங்கல் பொடி.

* * *

இன்ஸ்பெக்டர் நல்லவர், தோற்றாலும் முகம் சுளிக்கவில்லை. காளானை ஒரு கான்ஸ்டபிளிடம் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். டாக்டரிடம் பேசிவிட்டுப் பின்னறைக்கு வந்து, "நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்று காளான்காரரிடம் சொன்னார்.

அவர் எழுந்தார்.

"உக்காருங்க" என்றார் அண்ணி. "சூளைக்குப் பின்னால எதுக்கு மண்டி போட்டீங்க?"

இந்த முறை அவர் சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை. பெஞ்சில் பொத்தென்று விழுந்தார்.

"பின்னாலயே வந்தாம்மா. தினமும் வந்தான். நான் நின்னா மரத்துக்குப் பின்னால நிப்பான். என் இடத்துக்கு நான் நிம்மதியா போயே ரொம்ப நாளாச்சு, இவன் தொல்லையால. ஒரு நாள் சேத்துல இறக்கி விட்டேன். ஒரு நாள் முள்ளுக்குள்ள சுத்த விட்டேன். அப்படியும் விடல. அன்னைக்குக் கடுப்புல சூளைக்குப் போய், மண்டி போட்டுப் பறிக்கிற மாதிரி நடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன். இதுதான் இடம்னு நினைச்சுக்கட்டும், சனியன் விட்டுதுன்னு நினைச்சேன்."

"அது விஷம்னு தெரியும்ல?"

"எடுத்துப் பாத்தா பை தெரியுமே! எடுத்ததும் தூக்கிப் போட்டுடுவான், அசடு வழிஞ்சிட்டு வீட்டுக்கு வருவான்னு நினைச்சேன். அறுப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? யாரும் அறுத்து நான் பாத்ததில்லம்மா."

"சரி. வாந்தி எடுத்தப்போ தெரிஞ்சிருக்குமே? எந்தக் காளான், எந்த இடம், எல்லாம்?"

அவர் மெல்லத் தலையாட்டினார்.

அண்ணியின் குரல் ஆத்திரத்தில் உடைந்து நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். "ரெண்டு நாளா டாக்டர் தவிக்கறாங்கய்யா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே! காலையில இருந்து எதிர்ல உக்காந்து கெஞ்சினேனே, கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களே! இடம் இடம்னு உங்க பொக்கிஷத்தைக் காக்கறீங்கன்னுல்ல நான் நினைச்சேன்!"

"சொன்னா அவளுக்குத் தெரிஞ்சிடுமே" என்றார் அவர். "நான்தான் அவனை அங்க கொண்டு போய் விட்டேன்னு என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிடுமே."

"தெரிஞ்சிடுச்சு."

வாசலில் அந்தம்மா நின்றார். கையில் சுருட்டிய ஈரத்துணி. உள்ளே வந்து அதை மேஜைமேல் விரித்தார். பேண்ட். எவ்வளவு அலசியும் இரண்டு முட்டியிலும் சிவப்பு போகவில்லை.

காளான்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உங்க இடம் எனக்குத் தெரியும்" என்றார் அந்தம்மா. அழவில்லை. "உடைஞ்ச மதகைத் தாண்டி, வேலி சாஞ்ச தோப்பு. கறுப்பு மண்ணும் பாசியும் அங்கதானே சேர்ந்து இருக்கு. கல்யாணமான வருஷத்துல இருந்தே தெரியும். துணி துவைக்கிறவளுக்குத் தெரியாதா? இத்தனை வருஷத்துல உங்ககிட்டகூட நான் காட்டிக்கல."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அவன் என்கிட்டயும் வந்து கெஞ்சினான். அக்கா, நீயாவது சொல்லு, ஒரு கூடை பறிச்சு ஹோட்டல்காரங்ககிட்ட காட்டிட்டா ஒரு பொழப்பு ஆயிடும்னு காலைப் பிடிச்சான். எனக்குத் தெரியாதுடான்னு கூசாம பொய் சொன்னேன். உங்க தொழிலாச்சே, உங்களுக்குத் துரோகம் பண்ணக் கூடாதுன்னு. அதுக்கப்புறம்தான் அவன் உங்க பின்னால வர ஆரம்பிச்சான்."

"நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன்" என்று காளான்காரர் தட்டுத்தடுமாறி எழுந்தார்.

"வேண்டாம். நீங்க வீட்டுக்குப் போங்க. கதவு திறந்துதான் இருக்கு."

பேண்டை அங்கேயே விட்டுவிட்டு அந்தம்மா எங்களோடு காரில் ஏறினார். நான் கண்ணாடியில் பார்த்தேன். காளான்காரர் காவல் நிலைய வாசல்வரை வந்து, அந்த ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாதி வழியில் அந்தம்மாதான் பேசினார்.

"அவன் கண்ணு முழிச்சான்னா, மேடம், மொத வேலையா அந்த இடத்தை அவன்கிட்ட சொல்லிடப் போறேன்."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேகமா ஓட்டுடா" என்றார் என்னிடம்.